நடக்காதவன் குற்றவாளியா?

தேகாப்பியாசம் செய்யாத மனிதனைச் சோம்பேறி என்றழைப்பது இன்று பெரியோர் பேச்சில் சர்வ சாதாரணமாகிவிட்டது. வைத்தியர் சொல்கிறார், மேடையேறியவர் சொல்கிறார், சர்க்கரை வியாதியினால் கால் விரலை இழந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க வரும் உறவினரும், வாங்கிவந்த பழத்தைக் கீழே வைக்குமுன் அதையே சொல்கிறார். இந்த வார்த்தை நியாயமானதுதானா என்பதும், நியாயமேயாயினும் அதைக் கேட்டு ஒருவராவது எழுந்து நடந்ததுண்டா என்பதும் நாம் ஆராயத் தக்கனவாம்.

விஷயம் அற்பமானதன்று. 2023ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 54.4 பேர் மிகை எடையோ பருமனோ உடையவர், 15.6 பேர் சர்க்கரை வியாதியுள்ளவர், 29.9 பேர் போதிய உடலசைவு அற்றவர். சர்க்கரை வியாதி மூன்று பெரிய இனத்தாருள் நம்மவரிடையேதான் மிகுதி என்பதை முந்தைய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. கணக்கு கசக்கிறதென்பதற்காக அதை மறைத்துப் பயனில்லை.

ஆயினும் கணக்கைச் சொல்லிப் பழிக்குமுன், நம்மவருடைய உடலின் சரித்திரத்தைச் சிறிது நினைத்தல் வேண்டும். பேராக்கின் தெற்கெல்லையில் பெர்ணாம் ஆற்றோரம் அமைந்த ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். டென்மார்க்குக்காரரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் இப்பக்கத்ததே. ரப்பர்க் காலத்தில் இத்தகைய தோட்டங்களில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர். சில நூறு மரங்களை நிறை நிறையாய்ச் சீவி முடித்து, மறுபடியும் அதே நிறைகளில் நடந்து மங்குகளிலிருந்த பாலை எடுத்து, வாளியைச் சுமந்து ஸ்டோருக்குச் சென்றனர். அட்டை கடித்தாலும் நடந்தனர். பிள்ளை பெற்ற உடம்போடும் நடந்தனர். அந்த நடை அவர்களுடையதன்று. அது துரையுடைய நடை. தூரத்தையும் நேரத்தையும் நிர்ணயித்தவர் வேறொருவர்.

ஆகவே, தம் மக்களுக்கு அவர்கள் விரும்பிய பெரும் பாக்கியம் என்னவென்றால், “உட்கார்ந்து சம்பாதிக்கும் வேலை” என்பதே. அந்தப் பாக்கியம் பலருக்கு வாய்த்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; தோட்டத்து வேலையில் பெரும்பகுதி அயல்நாட்டார் கைக்கு மாறிற்று; நம்மவர் லாரி ஓட்டவும், காவல் கூண்டில் அமரவும், அலுவலகத்தில் எழுதவும் சென்றனர். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. அப்படியிருக்க, நாற்காலியைத் தன் குடும்பம் கண்ட விடுதலையாய் எண்ணி அமர்ந்திருக்கும் ஒருவரிடம் போய், “எழுந்திரு, காரணமின்றி அரைமணி நேரம் வியர்க்க நட” என்றால், அது அவர் காதில் பழைய தண்டலின் குரலாக விழுவதில் வியப்பென்ன? இதை அறியாதவர்தாம் சோம்பேறி என்ற சொல்லை இவ்வளவு எளிதாக வீசுகின்றனர்.

நிற்க. இதனால் நாம் நடக்காமலிருப்பதற்கு நியாயம் கற்பிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். பிழைப்புக்காகப் பிறர் ஏவ நடப்பதும், தன் இரத்தத்துக்கும் நெஞ்சுக்கும் வேண்டித் தானே நடப்பதும் ஒன்றல்ல. இவ்வேற்றுமையை எடுத்துச் சொல்வார் இல்லாமையாலேயே, “அந்தக் காலத்தில் உழைத்தது போதாதா?” என்ற கேள்வி இன்னும் பதிலின்றி நிற்கிறது. போதாது என்பதே பதில். முப்பதாண்டுக்கு முன் உழைத்த உழைப்பு இன்றைய சர்க்கரையைக் கரைக்காது. தசையானது அசையும்போது இன்சுலினின் துணையை எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அசைவு நின்று ஓரிரு நாட்களுக்குள் அந்தப் பயன் குறைந்துபோகும். சேமித்து வைக்கக்கூடிய செல்வம் அன்று இது.

“எங்கள் பரம்பரையிலேயே இருக்கிறது, தலையெழுத்து” என்போர் வேறு. பரம்பரை என்பது பாதி மெய். தலையெழுத்து என்பது முழுப் பொய். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வியாதியின் வாயிலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2006இல் வெளியாயிற்று. சாதாரண ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டுக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி கண்டது. உணவைச் சீர்செய்து, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்கப் பழக்கப்பட்டவர்களில் அது 39.3 ஆகக் குறைந்தது. மாத்திரை உண்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே பயன்தான். அவர்களும் நம்மைப் போன்ற உடலினரே, நம் வம்சத்தினரே. அந்த ஆராய்ச்சியில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி மற்றொன்று: ஏற்கெனவே கடின வேலை செய்வோரையும் நிறைய நடப்போரையும் பார்த்து, புதிதாய் ஒன்றும் வேண்டாம், செய்வதைத் தொடருங்கள் என்று மட்டுமே அவர்கள் கூறினர். உழைப்பவனை உழைப்பவனாக மதித்துப் பேசும் வைத்தியம் அருமையானது.

இனி, நடக்கத் தொடங்கி ஒரே வாரத்தில் விட்டுவிடுவோரைப் பற்றி. இவர்களே பெரும்பாலோர். காரணம் மன உறுதியின்மை என்பர்; நம் அபிப்பிராயம் அதுவன்று. இருபதாண்டு அசையாதிருந்த உடலுக்கு முதல் நாளே பதினாயிரம் அடி என்று கட்டளையிட்டால் முழங்கால் வீங்காமல் என்ன செய்யும்? அந்தப் பதினாயிரம் என்ற எண்ணே, 1960களில் ஜப்பானில் அடிகளை எண்ணும் கருவியொன்றை விற்பதற்காக அதற்கு இட்ட பெயரிலிருந்து பரவியதாகும். சாஸ்திரம் அதை விதிக்கவில்லை. 2019இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்றில், சராசரி 72 வயதுடைய மூதாட்டிமாரில் நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவரைக் காட்டிலும் 4,400 அடி நடந்தவரிடையே மரணம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் நடந்தும் அதிக வேற்றுமை இல்லை. 1989இல் டாலஸ் நகரத்தில் 13,000க்கு மேற்பட்டோரை வைத்துச் செய்த ஸ்டீவன் பிளேரின் ஆராய்ச்சியும், மிகவும் பலங்குன்றியோர் அடுத்த படிக்கு ஏறும்போதே பெரும் லாபம் கிட்டுகிறதென்று காட்டிற்று. ஆகவே அதிகம் பழிக்கப்படுகிறவர் யாரோ, அவரே மிகச் சிறு முயற்சியால் மிகப் பெரும் பயன் அடையக்கூடியவர். இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை!

எனவே முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவு வேகம் போதுமானது. நெஞ்சு வலியுள்ளவரும் இன்சுலின் போட்டுக்கொள்பவரும் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குக. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் செருப்பில்லாமல் ஒருபோதும் நடவற்க.

இவ்வளவும் தனிமனிதனைப் பற்றியது. ஆனால் ஒருவர் நடக்கத் துணிந்தாரென்றே வைத்துக்கொள்வோம், எங்கே நடப்பது? செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் பாயும் சாலையோரத்திலா? நாய்கள் துரத்தும் இருட்டிலா? பகலிலோ வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு பெண் காரியமின்றி மாலையில் தனியே நடந்தால், “எங்கே போகிறாள் இவள்?” என்று திண்ணைகள் விசாரணை தொடங்கும். கணவன் நடப்பது ஆரோக்கியம், மனைவி நடப்பது ஊர்சுற்றல் என்று எண்ணும் சமூகம், அவளுக்கு வியாதி வந்தபின் அவளையே சோம்பேறி என்பது என்ன நீதி?

சென்னை திருமங்கலத்தில் ஏஷியாட் காலனி என்றொரு குடியிருப்பு உண்டு. டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கே 1990களில் ஆய்வு நடத்தி, சர்க்கரை வியாதியின் நிலைமையைக் குடியிருப்போருக்கு எடுத்துரைத்தனர். அவர்கள் கேட்டுக் கலைந்துவிடவில்லை. நடக்க இடமில்லை என்று கண்டு, தம் கைப்பணத்தைத் திரட்டித் தாங்களே ஒரு பூங்கா அமைத்தனர். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் தேகாப்பியாசம் செய்வோர் நூற்றுக்கு 14.2 ஆக இருந்தது, சில ஆண்டுகளில் 58.7 ஆக உயர்ந்ததென 2006இல் அறிவித்தார்கள். அம்மக்கள் திடீரென்று நற்குணமுடையோராகிவிட்டனரா? இல்லை. இடம் கிடைத்தது, பக்கத்து வீட்டார் துணை கிடைத்தது, நடப்பவரைப் பார்த்து ஊர் சிரிப்பது நின்றது. அது நடுத்தர வருமானத்தார் வாழும் இடம், நம் தோட்டத்து மக்களிடம் அவ்வளவு பணம் ஏது எனலாம். உண்மையே. ஆனால் இங்கே புதிதாய் நிலம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. தமிழ்ப் பள்ளித் திடல்களும் கோயில் வளாகங்களும் இருக்கின்றன. திருவிழாவுக்குப் பந்தலும் விளக்கும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்யத் தெரிந்த நம் கமிட்டிகளுக்கு, மாலை ஆறு முதல் ஏழரை வரை இரண்டு விளக்கெரியச் செய்வது முடியாத காரியமா?

பெண்கள் நாலைந்து பேராய்ச் சேர்ந்து வந்தால் திண்ணைகளின் வாய் தானே ஓயும். வர மறுக்கும் முதியவரிடம் சர்க்கரைக் கணக்கைப் படிப்பதைவிட, “வாங்கண்ணே, ஒரு சுற்று பேசிக்கொண்டே வருவோம்” என்று பக்கத்து வீட்டார் வாசலில் நின்று கூப்பிடுவது மேல். அவர் பழைய பெரட்டுக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாரானால் சுற்று இரண்டாவது தெரியாது. பள்ளித் திடலின் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது, மாலையில் அதைத் திறந்துவிட என்ன தடை என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அடுத்த கூட்டத்திலேயே விசாரிக்கட்டும்.