பூசணம் பூத்த அப்பமும் தூரதேச மாப்பிள்ளையும்



யோசுவா 9-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கிபியோன் பட்டணத்தார் தூரதேசத்தார் போல வேஷம் போட்டு வந்தார்கள். பழைய துருத்தி, ஒட்டுப்போட்ட செருப்பு, பூசணம் பூத்த அப்பம்! இஸ்ரவேலர் அப்பத்தைப் பார்த்தார்கள், ஆண்டவரிடத்தில் விசாரிக்கவில்லை, உடன்படிக்கை பண்ணிவிட்டார்கள். மூன்றே நாளில் தெரிந்தது, வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று.

இன்றைக்கும் அதே வேஷம்தான். வரன் தேடும் இணையதளத்திலோ பேஸ்புக்கிலோ ஒரு "லண்டன் டாக்டர்" வருகிறார். மனைவி இறந்துவிட்டாராம், ஒரே பிள்ளையாம். காலையில் வசனம் அனுப்புகிறார், ராத்திரி "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்கிறார். தனிமையில் வாடும் இருதயத்துக்கு அது மன்னாவைப்போல இருக்கிறது. இரண்டு மாதத்தில் கல்யாணப் பேச்சு. பிறகு, "உனக்கு நகையும் பவுண்டும் பார்சல் அனுப்பியிருக்கேன்" என்பார். மறுநாள் டில்லி விமான நிலையத்திலிருந்து பேசுவதாக ஒரு "கஸ்டம்ஸ் அதிகாரி": "வரி கட்டுங்க, இல்லேன்னா கேஸ் ஆயிடும்!" முதலில் ஆயிரங்கள், பிறகு லட்சங்கள். மகளுக்கு வைத்த நகையும் அடகுக்குப் போகும். பார்சல் மட்டும் வராது.

பிரியமானவர்களே, சுங்கத்துறை ஒருநாளும் தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லாது. படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்றும் எண்ணாதிருங்கள். அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 70,000 பேர் இப்படிப்பட்ட காதல் மோசடியில் 130 கோடி டாலர் இழந்ததாக அந்நாட்டு அரசு வர்த்தக ஆணையத்திடம் புகார் செய்தார்கள்.

அப்படியானால் எப்படி விசாரிப்பது? அவர் அனுப்பிய போட்டோவை கூகுளில் போட்டுத் தேடுங்கள்; வேறொருவர் பெயரில் வரலாம். அவர் வேலை செய்யும் ஆஸ்பத்திரி எது, போகிற சபை எது என்று கேளுங்கள். அவர் கொடுத்த நம்பரில் அல்ல, நீங்களே கண்டுபிடித்த நம்பரில் பேசுங்கள். வீடியோவில் முகம் பார்த்தது போதாது. இப்போது முகத்தையே கம்ப்யூட்டரில் மாற்றுகிறார்கள். நேரில் காணாதவர் பணம் கேட்டால், அங்கேயே நிறுத்துங்கள். "வீட்டில் யாருக்கும் சொல்லாதே" என்கிற சத்தம் நல்ல மேய்ப்பனுடையது அல்ல!

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்காவிட்டால் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்புண்டு. "பீஸ் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன்" என்று வருகிறவனும் ஓநாயே.

சபையாருக்கு ஒரு வார்த்தை. "இந்த வயசுல இவளுக்கு இது தேவையா?" என்று பேசாதிருங்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் பலர் வெளியே சொல்லாமல் மேலும் மேலும் கட்டுகிறார்கள். தனிமையாயிருக்கிற சகோதரியை ஞாயிறு ஆராதனைக்குப்பின் சாப்பாட்டுக்கு அழையுங்கள். நாம் கேட்காத "சாப்பிட்டியாம்மா?"வைத்தான் வஞ்சகன் கேட்கிறான்.

மறுபக்கத்தில் இருப்பவனுக்காகவும் ஜெபியுங்கள். வேலை என்று நம்பிப்போய், மியான்மரின் மியாவதியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்பட்ட நம் தமிழ் வாலிபர்கள் 2022-ல் மீட்கப்பட்டு வந்தார்கள். இன்னும் எத்தனை பிள்ளைகளோ!

கர்த்தர் தாமே நமக்குப் பகுத்தறியும் ஆவியைத் தருவாராக. ஆமென், அல்லேலூயா!