நிரூபிக்க வேண்டியது யார்?

புதிய பொருள் ஒன்று சந்தைக்கு வரும்போது, அது தீங்கற்றது என்று விற்பவர் நிரூபிக்க வேண்டுமா, தீங்கானது என்று மற்றவர்கள் நிரூபிக்க வேண்டுமா? ஈயம் கலந்த பெட்ரோலின் வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்தது.

1921இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎதில் ஈயத்தைச் சிறிதளவு கலந்தால் எஞ்சினில் எழும் தட்டல் அடங்குவதைக் கண்டார். ஆல்கஹாலும் அதே பயனைத் தரும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எவரும் காய்ச்சக்கூடிய ஆல்கஹாலில் காப்புரிமை லாபம் இல்லை. ஈயம் நஞ்சு என்பதோ பன்னெடுங்காலமாக அறிந்த செய்தி. 1924இல் நியூ ஜெர்சி ஆலையொன்றில் டெட்ராஎதில் ஈயத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, ஐவர் இறந்தனர். மறு ஆண்டு வாஷிங்டனில் அரசு கூட்டிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் கடுமையாக எதிர்த்தார். தடை விதிக்கப் போதிய காரணம் இல்லை என்று நிபுணர் குழு முடிவு செய்தது. ஆய்வு தொடர வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஆய்வு, விற்றவர்களின் பணத்திலேயே பல பத்தாண்டுகள் நடந்தது.

அதை முன்னின்று நடத்திய ராபர்ட் கீஹோவின் நிலைப்பாடு, கேடு உண்டு என்பவரே சான்று காட்டட்டும் என்பது. இதில் ஒரு நியாயம் உண்டு. வெறும் அச்சத்தால் எல்லாவற்றையும் தடுத்தால் பயனுள்ளவையும் முளையிலேயே கருகும். ஆனால் சான்றைத் தேடும் வசதி முழுவதும் ஒரு தரப்பின் கையில் இருக்கும்போது, மறு தரப்பிடம் சான்று கேட்பது நீதியாகாது. அந்த மறு தரப்பில் இருந்தவர்களோ சாலையோரத்துக் குழந்தைகள். லாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை, சுவாசிக்காமல் இருக்கவும் வழியில்லை.

பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று கணித்த கிளேர் பேட்டர்சனுக்கு, அந்த அளவீட்டின்போது எங்கும் படிந்திருந்த ஈயத்தோடு போராட நேர்ந்தது. மனித உடலில் உள்ள ஈயம் இயற்கையான அளவைவிடப் பன்மடங்கு மிகுதி என்று 1965இல் அவர் எழுதினார். சுயேச்சையான சான்று கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆயின. அமெரிக்கா எழுபதுகளில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. இந்தியா 2000இல் கைவிட்டது. அல்ஜீரியா 2021இல்தான் விற்பனையை நிறுத்தியது.

மருந்துகளில் நிரூபிக்கும் பொறுப்பு முன்பே இடம் மாறியிருந்தது. பாதுகாப்பானது என்று தயாரிப்பாளர் காட்டிய பின்பே புதிய மருந்தை விற்கலாம் என 1938இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. தொழிற்சாலை வேதிப்பொருள்களுக்கு அத்தகைய கடமையை ஐரோப்பிய ஒன்றியம் விரிவாக விதித்தது 2007இல்தான்.