ஆயுளுக்கு மெட்டுப் போடுபவர் யார்?

பீட்டர் பாயரின் 'எல்லிஸ் தீவு: அமெரிக்கக் கனவு' என்ற கச்சேரியில் யாரும் பாடுவதில்லை. முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, நடிகர்கள் ஒருவர்பின் ஒருவராக முன்னால் வந்து பேசுகிறார்கள். 1910க்கும் 1940க்கும் இடையே போலந்து, கிரீஸ், இத்தாலி, ஹங்கேரி, பெல்ஜியம், அயர்லாந்து, ரஷ்யா ஆகிய நாடுகளிலிருந்து கப்பலேறி நியூயார்க் வந்த ஏழு பேர், வயதான பிறகு ஒலிநாடாவில் சொல்லிவைத்த சொந்தக் கதைகள் அவை. 2002இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அரங்கேறிய படைப்பு இது. முக்கால் மணி நேரத்தில் ஏழு ஆயுள்களும் முடிந்துவிடுகின்றன.

இன்னொருவர் வாழ்ந்த வாழ்க்கைக்குத் தொடக்கமும் முடிவும் வைக்க ஒருவருக்கு என்ன உரிமை?

இதில் புனித அகுஸ்தினாரைத் துணைக்கு அழைக்கலாம். வட ஆப்பிரிக்காவில் பிறந்து, பிழைப்புக்காக ரோமுக்கும் மிலானுக்கும் போனவர் அவர். தன் கதையைக் கடவுளிடமே சொல்வதாக எழுதிய நூலின் 11ஆம் பகுதியில், மனப்பாடமான ஒரு சங்கீதத்தை ஓதுவதைப் பற்றி யோசிக்கிறார். தொடங்கும்முன் முழுப் பாட்டும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. ஓத ஓத அடியடியாக நினைவுக்குள் போய்ச் சேர்கிறது. மனித ஆயுளும் அப்படித்தான் என்கிறார். ஆனால் பாட்டை அறிந்தவனுக்கு அடுத்த அடி தெரியும்; வாழ்கிறவனுக்குத் தெரியாது. காலத்தில் சிதறிக் கிடக்கும் தன்னை ஒன்றுசேர்க்கக் கடவுளால்தான் முடியும் என்பது அவர் நம்பிக்கை. கச்சேரி மேடையில் அந்த இடத்தில் இசையமைப்பாளர் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

உட்கார்ந்தவர் எதையெல்லாம் விட்டுவிடுகிறார்? நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்றச் சோதனை நிலையமான எல்லிஸ் தீவில் வந்திறங்கியவர்களை மருத்துவர்கள் ஒரு பார்வை பார்த்து, சந்தேகம் வந்தால் கோட்டின் மேல் சாக்பீஸால் ஓர் எழுத்தைக் கிறுக்குவார்கள். கண் கோளாறுக்கு 'ஈ', இதயத்துக்கு 'எச்'. 1892 முதல் 1954 வரை 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் அந்தத் தீவைக் கடந்தார்கள். வந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். திரும்பிப் போனவர் அமெரிக்காவில் மூப்படையவில்லை. அதனால் இந்த மேடையில் பேசவும் இல்லை.

பாயரின் முடிவுரையில் நடிகர்கள் எம்மா லாசரஸ் 1883இல் சுதந்திர தேவி சிலைக்காக, குடியேற வருபவர்களை வரவேற்று எழுதிய கவிதையைச் சொல்கிறார்கள். இசை பொங்குகிறது; கண் கலங்குவதும் உண்மைதான். ஆனால் இந்த ஏழு பேரும் வந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1924இல், தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களுக்குக் கதவை ஏறக்குறைய சாத்திய குடியேற்றச் சட்டம் வந்தது. கவிதை அதை மறக்கடித்துவிடுகிறது.

வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷான்பெர்க், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் உயிர்பிழைத்தவரின் கதையை 1947இல் இசையாக்கினார். அது யூதர்களின் பிரார்த்தனைப் பாடலோடு முடிகிறது. துன்பத்துக்கு வடிவம் கொடுத்தாலே அதற்கு ஏதோ அர்த்தம் இருந்ததுபோல ஆகிவிடுகிறது என்று தத்துவவாதி அடோர்னோ பின்னர் ஆட்சேபித்தார். அது கறாரான வாதம்; முழுக்க ஏற்றால் ஒப்பாரிக்கும் இடமிருக்காது. என்றாலும், முடிவுரை என்று ஒன்று வரும்போதெல்லாம் அவர் சொன்னதை நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1988இல் எழுதிய 'வெவ்வேறு ரயில்கள்' வேறு வழியில் போகிறது. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறியவர்களின் குரலையே, நடிகர் யாருமின்றி, ஒலிநாடாவிலிருந்து எடுத்துக்கொண்டார். அவர்கள் பேச்சின் ஏற்ற இறக்கத்தை வயலினும் வயோலாவும் செல்லோவும் அப்படியே பின்பற்றுகின்றன. பேசுபவரின் வேகம் மாறினால் இசையின் வேகமும் மாறுகிறது. குரலுக்குக் கட்டுப்பட்ட இசை என்பதால் இதுவே நேர்மையான வழி என்று தோன்றும். ஆனால் கிடைப்பது நாலைந்து சொற்கள் கொண்ட துண்டுகள்தான். பாயரிடம் முழுக் கதை இருக்கிறது, வாய் வேறொருவருடையது. ரைக்கிடம் வாய் அவர்களுடையது, கதை பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிட்டது.

ரைக் கடைசியில் வைத்தது அழகான குரல் கொண்ட ஒரு சிறுமியின் கதை. அவள் பாடுவதை ஜெர்மானியர்கள் ரசித்துக் கேட்டார்கள். நிறுத்தியதும் இன்னும் பாடச் சொல்லிக் கைதட்டினார்கள். அதோடு படைப்பு முடிகிறது. அரங்கத்தில் இருப்பவர்கள் அடுத்துச் செய்ய வேண்டியதும் கைதட்டுவதுதான்.