பட்ட காலிலே படுவது ஏன்?



"பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்பது முன்னோர் வாக்கு. இதைத் தலைவிதிக்குச் சாட்சியாகச் சொல்லிப் பெருமூச்சு விடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. சற்று யோசித்தால், இதில் ஒரு கணக்கு அடங்கியிருப்பது விளங்கும். அடிபட்ட காலை மனிதன் தூக்கி வைப்பதில்லை, இழுத்து நடக்கிறான். ஆகவே அடுத்த கல் அதிலேயே இடிக்கிறது. கல் எல்லோர் பாதையிலும்தான் கிடக்கிறது.

இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லிவந்ததை எடுத்துக்கொள்வோம். 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. நெகிரி செம்பிலானைச் சண்டை கடந்து போனது 1942 ஜனவரியில், சில நாட்களுக்குள். ஆயினும் குண்டே விழாத தோட்டங்களிலும் லயம் லயமாக ஜனங்கள் மடிந்தார்கள். காரணம் என்ன?

மலாயா தின்ற அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வந்தது. யுத்தம் வந்ததும் அது அருகிப் போயிற்று. ரப்பரை வாங்கிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் எட்டாத தூரமாகிவிட்டன, பால் வெட்டு நின்றது, சம்பளமும் நின்றது. கொயினா மருந்து கிடைக்கவில்லை. கொசுவை அடக்க வெட்டிய கால்வாய்களைப் பராமரிக்க ஆளில்லை, மலேரியா திரும்பியது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று மெலிந்த உடலில் அந்தக் காய்ச்சல் ஏறியது. இந்த நிலையில்தான் சயாம் ரயில் பாதைக்கு ஆள் திரட்டினார்கள். கூலியும் சோறும் கிடைக்கும் என்று நம்பிப் போனவர்கள் உண்டு. பலவந்தமாக ஏற்றப்பட்டவர்களும் உண்டு. இப்படிப் போன தமிழர் பல்லாயிரம். 1943 மழைக்காலத்தில் காலரா அங்கே அவர்களை வாரிக்கொண்டது. இங்கே லயத்தில், சம்பாதிக்கும் ஆண் இல்லாத பெண்டு பிள்ளைகள் மிஞ்சினார்கள்.

ரப்பர் வெளியே போனதும் அரிசி உள்ளே வந்ததும் பெரும்பாலும் கடல் வழியே. மருந்து வந்ததும் அந்த வழியே. மூன்று பைகள் ஒரே ஆணியில் தொங்கின, ஆணி பிடுங்கிக்கொண்டது. பிறகு ஒவ்வொரு துன்பமும் அடுத்ததற்குக் கதவைத் திறந்துவிட்டது.

அது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 2020 மார்ச் 18-ல் நோய்த்தொற்றுக்காக நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு வருஷம் சிறு கடைக்காரரும் கூலிக்காரரும் கையிருப்பைத் தின்றே காலம் தள்ளினார்கள். அந்த நோய் ஓய்வதற்கு முன்பே, 2021 டிசம்பர் நடுவில் கொட்டிய மழையில் சிலாங்கூரும் நம் மாநிலம் உள்ளிட்ட வேறு பல மாநிலங்களும் வெள்ளத்தில் மிதந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நஷ்டம் 610 கோடி வெள்ளி என்று அரசாங்கப் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. விலகி நிற்கவேண்டிய நோய்க் காலத்தில், ஜனங்கள் நிவாரண மண்டபங்களில் நெருங்கிப் படுக்க நேர்ந்தது.

இங்கே வியாபாரிகளாகிய நம் முன் ஒரு தர்மக் கேள்வி நிற்கிறது. ஒரு முஸீபத்து வந்தால் சங்கப் பணத்தை எடுத்து உதவுகிறோம். யாருக்கு முதலில்? பத்தாயிரம் வெள்ளிச் சரக்கை வெள்ளத்தில் இழந்த கடைக்காரர் ஒருவர். பழைய மோட்டார் சைக்கிளையும் அடுப்பையும் இழந்த தொழிற்சாலைக் கூலிக்காரர் ஒருவர். நம் கண் பெரிய தொகையின் மேல்தான் விழும். ஆனால் முன்னவருக்கு வேறொரு கடையோ, ஊரில் நிலமோ, கடன் கொடுக்கும் மொத்த வியாபாரியோ இருக்கலாம். பின்னவருக்கு வண்டி இல்லையேல் வேலை இல்லை; வேலை இல்லையேல் வாடகை இல்லை. அடுத்த அடி விழுமிடம் அதுதான். இழந்ததை எண்ணாமல் மிஞ்சியதை எண்ண வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

"பெரிய தொகை இழந்தவர்தானே சங்கத்துக்கு அதிகம் கொடுத்தவர்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவரையும் கைவிடலாகாது, ஆனால் அவரால் ஒரு மாதம் பொறுக்க முடியும், மற்றவரால் முடியாது. இந்த வரிசையை ஆபத்து வருமுன்பே கூடிப் பேசி முடிவு செய்துவிட்டால், அந்த நேரத்தில் மனஸ்தாபத்துக்கு இடமிராது.

"வராத துன்பத்துக்கு இன்றே கணக்குப் போடுவது தவக்குலுக்கு விரோதமல்லவா?" என்பாரும் உண்டு. யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள் செழித்த ஏழு வருஷத்தில் தானியத்தைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். பஞ்சம் வந்தபோது அளந்து கொடுத்தார்கள். அதை யாரும் ஈமான் குறைவு என்று சொல்லவில்லை. சேர்த்தது கொடுப்பதற்காக என்பதையும் மறக்கலாகாது. விலை ஏறட்டும் என்று கிட்டங்கியைப் பூட்டுவது பதுக்கல், அது வேறு. மறு கொள்முதல் விலை ஏறினால் அதைக் கணக்கில் சேர்ப்பது முறை. ஜனங்களின் பயத்தையும் விலையில் சேர்ப்பது முறையல்ல.

நம் கடைகளையும் இப்படியே சோதிக்க வேண்டும். சரக்கெல்லாம் ஒரே மொத்தக் கடையிலிருந்தா? கடையும் வீடும் ஒரே பள்ளத்திலா? சுங்கை காடுட் வட்டாரத்தில் தொழிற்பேட்டை ஊழியரை நம்பி வியாபாரம் செய்கிறவர்கள் நம்மில் பலர். பற்று எழுதியவர் எல்லோரும் ஒரே தொழிற்சாலைக்காரர்களா? அப்படியானால் அதன் கதவு மூடிய மாதத்தில் விற்பனையும் நிற்கும், பாக்கியும் நிற்கும். அப்போது பற்றை அடியோடு நிறுத்தினால் அந்தக் குடும்பங்கள் விழும். அளவில்லாமல் கொடுத்தால் கடை விழும், பிறகு அந்தத் தெருவுக்கே கடையில்லை. எனவே அரிசி, பருப்பு, எண்ணெய், பால்மாவுக்கு மட்டும் இத்தனை வாரம் என்று ஒரு தொகையை இப்போதே ஒதுக்கி வைப்பது நலம். சங்கமும் தன் நிதியில் ஒரு பகுதியை, முதல் ஆபத்தில் தொடாமல், இரண்டாவதற்கென்று வைக்கலாம்.

மழையை நிறுத்த நம்மால் ஆகாது. ஒருவர் அடிபட்ட காலோடு இரண்டாவது கல்லுக்கு முன் நிற்காதபடி, நடுவிலுள்ள நாட்களில் அவரைத் தாங்கிக்கொள்ள நம்மால் ஆகும். அல்லாஹ் அதற்குத் தௌபீக் செய்வானாக!