சங்கும் சங்கமும்

நேரத்தை எதில் செலவிடுவது என்ற முடிவை அவரவர் மனவுறுதிக்கே விட்டுவிடுகிறோம். முடியாதவரைச் சோம்பேறி என்கிறோம். பௌத்தம் அப்படி விடவில்லை. வினை என்பதே எண்ணம்தான் என்று சொன்ன மரபு, புத்தரையும் தம்மத்தையும் மட்டும் அடைக்கலமாகச் சொல்லி நிறுத்தாமல் சங்கத்தையும் சேர்த்தது. ஒற்றை ஆளின் விழிப்பு நெடுநாள் நிற்காது, அதற்குத் துணை வேண்டும் என்ற தெளிவு அதில் இருப்பதாக நினைக்கிறேன். இதற்குக் கோலார் தங்கவயலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1880இல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி அங்கே கால்வைத்த பிறகு வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சுரங்கத்தின் சங்கு ஊதினால் கூண்டில் இறங்க வேண்டும். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். மேலே ஏறி வந்தால் நெருக்கமான லைன் வீடு. அதற்குப் பிறகு மிஞ்சிய நேரத்தில்தான் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் நடந்தது. சாக்கிய பௌத்த இயக்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பெயரிலேயே விலையைச் சொன்ன இதழ்; கூலிக்காரர் வாங்கக்கூடிய விலை. 1914இல் அவர் மறைந்தார். பின்னாளில் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார் ஜி. அப்பாதுரையார். சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்து பௌத்த நூல்களை வெளியிட்டது. சுரங்கத்தின் பெயராக மட்டுமே உலகம் அறிந்த சாம்பியன் ரீஃப், அந்த நூல்களின் முகப்பில் பதிப்பூராக அச்சேறியிருக்கிறது. தனித்தனியாக அவரவர் வீட்டில் களைத்துக் கிடந்திருந்தால் இது நடந்திருக்குமா?

பாறை உடைத்து வந்தவரைப் படிக்கச் சொல்வது கொடுமை இல்லையா என்று கேட்கலாம். வேறொருவர் சொன்னால் கொடுமைதான். பௌத்தக் காப்பிய நாயகி மணிமேகலைகூட முதலில் அமுதசுரபியால் பசியாற்றுகிறாள். அறவண அடிகளிடம் முழு அறமும் கேட்டுத் தவம் பூணுவது கடைசியில். சோறும் தூக்கமும் இல்லாதவரிடம் நேரத்தைத் தேர்ந்து செலவிடுவதைப் பற்றிப் பேசக் கூடாது. 2001இல் சுரங்கம் மூடியபின் விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறும் தங்கவயல்காரருக்கும் இது பொருந்தும்; அவருடைய தூக்கத்தில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை. இன்னொரு கேள்விதான் கடினமானது: சங்கமும் ஒரு சங்குதானே, அதுவும் நம் நேரத்தைக் கேட்கிறதே? கேட்கிறது. ஆனால் பௌத்தத் துறவி எந்த நாளிலும் சீவர ஆடையைக் களைந்துவிட்டு வீடு திரும்பலாம், யாரும் தடுப்பதில்லை. மாரிக்குப்பத்தில் கூட்டத்துக்கு வராதவரின் கூலியை யாராலும் பிடிக்க முடிந்திருக்காது. அப்படியிருந்தும் வந்தார்கள்.