வெட்கப்பட வேண்டியவர் யார்?

திருக்குறளைக் கற்பிக்கையில் அறத்துப்பாலில் நின்று நிதானித்து, பொருட்பாலை விரித்துரைத்து, காமத்துப்பால் வந்ததும் ஏட்டைப் புரட்டிவிடும் வழக்கம் நம் ஆசிரியரிடம் உண்டு. உயிலங்குளத்தில் நாமும் அப்படித் தாண்டிச் சென்றவர்களே. 25 அதிகாரங்கள், 250 குறட்பாக்கள் மௌனத்துள் புதைகின்றன. அன்று மாலையே, கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால் ஓரத்தில், அதே மாணவரின் கைத்தொலைபேசியில் உலகச் சந்தையின் காமப் படங்கள் ஓடுகின்றன. நாம் மறைத்ததும் அவர்கள் கண்டதும் ஒன்றா? இரண்டுக்கும் ‘ஆபாசம்’ என்ற ஒரே பெயர் பொருந்துமா?

ஆபாசம் பற்றிய கருத்து காலந்தோறும் மாறி வந்துள்ளது. சங்கப் புலவர் ஆணும் பெண்ணுமாக அகத்தைப் பாடினர். அதனை எவரும் இழிவெனக் கொள்ளவில்லை. 18ஆம் நூற்றாண்டில் குறளை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் முதலிரு பால்களோடு நின்றுகொண்டார். 1886இல் ஜி. யு. போப் முப்பாலையும் ஆங்கிலத்தில் தந்தார். நூல் ஒன்றுதான், நோக்கிய கண்களே வேறு.

இம்மாற்றத்தின் பின்னே வர்க்க நலன் மறைந்திருப்பதையும் நாம் காணவேண்டும். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரை அகழ்ந்தபோது, அங்கு வாழ்ந்தோர் அன்றாடம் கண்டிருந்த காமச் சித்திரங்கள் வெளிப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் அவற்றைத் தனியறையில் பூட்டியது. ஒழுக்கத்தில் முதிர்ந்தவரெனக் கருதப்பட்ட ஆடவர்க்கே அக்கதவு திறந்தது. பெண்களுக்கும் பாமரருக்கும் அடைத்தே இருந்தது. 1868இல் ஆங்கில நீதிமன்றம் ஆபாசத்துக்கு வகுத்த இலக்கணமும் இத்தகையதே: எளிதில் கெடக்கூடிய மனத்தவரின் கையில் அந்நூல் சிக்கினால் அவர்களைக் கெடுக்குமா என்று அது கேட்டது. 1960இல் இலண்டனில் லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ வழக்கில், உங்கள் மனைவியோ வேலையாளோ இதனைப் படிப்பதை விரும்புவீர்களா என்று அரசு வழக்கறிஞர் நடுவர்களை வினவினார். எசமானன் படிக்கலாம், ஏவலாள் படிக்கலாகாது! நடுவர்கள் அந்நூலை விடுவித்தனர். ஆனால் இந்த ஆங்கிலச் சட்ட மரபு அதற்கு வெகுகாலம் முன்னரே குடியேற்ற நாடுகளில் வேரூன்றிவிட்டது. இலங்கையில் 1927இல் ஆபாச வெளியீடுகள் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது.

தஞ்சையில் பிறந்த ஒரு நூலின் வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். 18ஆம் நூற்றாண்டில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் விளங்கிய முத்துபழனி என்னும் கணிகை, தெலுங்கில் ‘ராதிகா சாந்தவனம்’ பாடினார். அதில் பெண்ணின் வேட்கையைப் பெண்ணே பேசுகிறாள். 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதனை முழுமையாகப் பதிப்பித்தார். சமூகச் சீர்திருத்தத்தில் பெரும்பணி புரிந்த கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலுவே இக்காவியத்தைப் பெண்ணுக்கு ஒவ்வாததெனப் பழித்திருந்தார். கூச்சமும் வெட்கமும் பெண்களுக்கு மட்டுந்தானா, ஆண் கவிஞர்க்கு இல்லையா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராயிருந்த காலத்தில்தான் அத்தடை நீங்கியது. ஆண் புலவர் பெண்ணுடலைப் பாடினால் சிருங்காரம். பெண் தன் உடலைப் பாடினால் ஆபாசம். இந்த இரட்டை அளவுகோலே அன்று தீர்ப்பு வழங்கியது எனலாம்.

அவ்வாறாயின் தடைகள் யாவற்றையும் நீக்கிவிட்டால் விடுதலை பிறக்குமா? 1969இல் டென்மார்க் காமப் படங்கள் மீதான தடையை நீக்கியது. அங்கே உடனே பெருவணிகம் எழுந்தது. மதகுரு கைவிட்ட இடத்தை வணிகன் பிடித்துக்கொண்டான். முதலாளித்துவம் உழைப்பைச் சரக்காக்கியது போல் இன்பத்தையும் சரக்காக்கியது. அதில் பெண் மனிதப் பிறவியாக அன்றி, விலைப்பொருளாகவே நிற்கிறாள். எனவே ஆடை எவ்வளவு, சொல் எத்தகையது என்று அளப்பதில் பயனில்லை. இதிலே இடம்பெற்றவர் மனமுவந்து இசைந்தாரா? வறுமையோ மிரட்டலோ அவரைத் தள்ளியதா? ஆதாயம் எவரைச் சேர்கிறது? இவையே நாம் கேட்கவேண்டியவை. இசைவு தரவே இயலாத குழந்தைகளைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995இல் சேர்க்கப்பட்ட 286ஏ பிரிவு, குழந்தைகளை ஆபாசப் படங்களுக்குப் பயன்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. ஒழுக்கக் கூச்சலிலிருந்து மனித உரிமைக்கு நகர்ந்த படி அது.

சட்டம் நகர்ந்தாலும் ஊரின் மனம் நகரவில்லை. நம்பி அனுப்பிய படத்தை ஒருவன் பரப்பிவிட்டால், பரப்பியவன் சந்தியில் நிமிர்ந்து நிற்கிறான். பார்த்துச் சிரித்தவர் நல்லவராகவே உலவுகின்றனர். அப்பெண்ணோ பள்ளிக்கூடத்தையும் வயல் வேலையையும் விட்டு வீட்டுக்குள் முடங்குகிறாள். ‘அவள் ஏன் அனுப்பினாள்?’ என்று கேட்கும் நாம், ‘அவன் ஏன் காட்டினான்?’ என்று கேட்பதில்லை. நாகரத்தினம்மாள் எழுப்பிய வினா நூறாண்டு கடந்தும் விடையின்றி நிற்கிறது.

இதற்கான விடையை வகுப்பறையிலேயே தொடங்கலாம். காதலில் இருவர் சமமாக நின்று பேசுவதைக் காமத்துப்பாலிலே கண்ட மாணவன், சந்தைப் படத்தில் அந்தச் சமத்துவம் இல்லாததையும் காண்பான். அதைக் காணும் கண்ணை அவனுக்குத் தராமல் பக்கத்தைப் புரட்டினோமே, அதற்காக முதலில் நாம் வெட்கப்படுவோம். அடுத்த பாடவேளையில் அப்பக்கத்தைத் திறப்போம்.