பெற்றோரின் ஒப்பம் எதற்கு?

பிள்ளைகள் பாடசாலையிலிருந்து கொண்டுவரும் செய்திகளில் எம்மவர் வீடுகளில் அதிக வாக்குவாதத்தை உண்டாக்குவது பரீட்சை முடிவன்று. 'லைர்ஸ்கோலே' எனப்படும் முகாம் பயணமே. வகுப்போடும் ஆசிரியரோடும் சில நாட்கள் வெளியே தங்கிப் படிக்க வேண்டும். மகனென்றால் யோசித்து யோசித்து ஒப்பமிடுகிறோம். மகளென்றால் அன்றைக்கென்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது!

இந்தப் பயத்தை வெறும் அறியாமை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1995 செப்டெம்பர் 22 இல் நாகர்கோவில் பாடசாலையில் குண்டு வீழ்ந்து மாணவர்கள் மாண்ட செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாடசாலைக்குப் போன பிள்ளை திரும்பி வராமற் போகலாம் என்பது எமக்குக் கற்பனையல்ல. ஆயினும் அதன் பின்னரும் எமது தாய்மார் எம்மைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். கல்வியின் பெறுமதியையும் ஆபத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தே அனுப்பினார்கள்.

இந்நாட்டில் வகுப்பறைக்கு வெளியே கற்பது பொழுதுபோக்கல்ல. 2014ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம், ஊரிலுள்ள சங்கங்களோடும் கலாசார நிலையங்களோடும் பாடசாலைகள் சேர்ந்து இயங்க வேண்டுமென விதித்தது. ஒடென்சேயில் உள்ள பழைய ஃபூனன் கிராம அருங்காட்சியகத்தில், அக்காலப் பண்ணை வீட்டின் உள்ளே நின்று கற்கும் வரலாறு புத்தகத்தில் வராது. வீட்டில் மறிக்கப்படும் பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறது என்கிறோம். அது இழப்பதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அப்படியானால் பாடசாலை "பாதுகாப்பானது" என்றால் போதுமா? இங்கேதான் என் தொழில் குறுக்கிடுகிறது. கணக்காய்வாளரின் சான்றிதழ், குறித்த காலத்துக்குக் குறித்த விடயங்கள் பரிசோதிக்கப்பட்டன என்று மட்டுமே சொல்லும். நாளைக்குக் களவு நடக்காது என்று அது சொல்வதில்லை. இங்கிலாந்தில் இத்தகைய பயணங்களை நடத்தும் நிறுவனங்களுக்குத் தர முத்திரை வழங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவும் அவ்வளவே.

2011 பெப்ரவரி 11 இல் சீலண்டின் தெற்கே பிரெஸ்டோ கடனீரேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தங்கிப் படிக்கும் பாடசாலையொன்றின் 13 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் சென்ற வள்ளம் கவிழ்ந்தது. உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தார்கள். நீரின் வெப்பநிலையோ 2 பாகை! நீந்திக் கரைசேர்ந்த பிள்ளைகளே உதவி கேட்டார்கள். ஆசிரியர் ஒருவர் இறந்தார். ஏழு மாணவர்களின் இதயம் நின்றுவிட்டது. அவர்களுடைய இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துச் சூடாக்கிச் செலுத்தி எழுவரையும் மருத்துவர்கள் மீட்டார்கள். அங்கி இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் எவ்வளவு குளிர் என்பது வேறு கேள்வி.

இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 1993 மார்ச் 22 இல் சிறு துடுப்பு வள்ளங்களில் சென்ற பாடசாலை மாணவர் நால்வர் இறந்தனர். அந்தப் பயிற்சி நிலையத்தின் குறைகளை அங்கு வேலைசெய்த இருவர் முந்திய ஆண்டே கடிதம் எழுதி எச்சரித்திருந்தனர். நிர்வாகப் பணிப்பாளர் சிறை சென்றார். 1995 இல் புதிய சட்டமும் வந்தது. ஆக, விதி இல்லாததால் மட்டும் அந்தப் பிள்ளைகள் சாகவில்லை. சொன்னவர் சொல்லைக் கேட்க ஆளில்லாததாலும் செத்தார்கள்.

எமது குறை இங்கேதான் என்பது என் எண்ணம். ஆசிரியரைக் கேள்வி கேட்பது எமக்குக் குருநிந்தை போலப் படுகிறது. ஆகவே கேளாமலே ஒப்பமிடுகிறோம், அல்லது கேளாமலே மறுக்கிறோம். ஆபத்து எங்கள் உடம்புக்கு என்றால் பேசாமல் இருக்கலாம். பிள்ளையின் உடம்பை வைத்து மௌனம் சாதிக்க எமக்கு உரிமையில்லை. எத்தனை பெரியவர்கள் போகிறார்கள்? கடற்பக்கமா? காலநிலை மோசமானால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? பெற்றோர் கூட்டத்தில் இவற்றைக் கேட்டால் எந்த ஆசிரியரும் கோபிக்க மாட்டார். டெனிஸ் மொழி தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை, பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாமல் நாமே கேட்க வேண்டும்.

இன்னுமொன்று. தண்ணீருக்குப் பயந்து முகாமை மறுப்பவர்களில் சிலர் மகளை நீச்சல் வகுப்புக்கும் அனுப்புவதில்லை. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் இருந்துகொண்டு இது என்ன நியாயமோ!

மற்றவர்களைக் கேட்கும் நாம் எம்மையும் கேட்க வேண்டும். கோடையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கும், பிறண்டே அம்மன் கோயிலுக்கும் பஸ்ஸில் கூட்டிச் செல்கிறோம். ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை என்று எழுதி வைப்பவர் யார்? "எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்தானே" என்ற பதில் எனக்குப் போதாது. பெயர்ப் பட்டியல், கரையில் நிற்க நீந்தத் தெரிந்த இரண்டு பெரியவர்கள், வேண்டாமென்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவர், இவை மூன்றும் அடுத்த பயணத்துக்கு முன்னர் அறிவிக்கப்பட வேண்டுமென்று நிர்வாக சபையிடம் கேட்டிருக்கிறேன். பட்டியலை நானே வைத்துக்கொள்கிறேன். எண்ணுவது எனக்குப் பழகிய வேலைதானே.